பாதி மழை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. போர்வைகள் வந்து சேர்ந்தனவா? பாப்பாவுக்கு இருமல் நின்றதா? சுவர் காய்வதற்குள் வெள்ளையடித்துவிடாதே, உரிந்து வந்துவிடும்.

போனில் சொல்ல மூன்று முறை முயன்றேன். "சாப்டியா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். அதனால்தான் கடிதம்.

மழைக்காலம் முடிந்து, நேற்றுதான் மழையை அளக்கும் எங்கள் ரேடாரைச் சோதித்தோம். அளவு தெரிந்த உலோகக் கோளம் ஒன்றைப் பலூனில் கட்டிப் பறக்கவிட்டோம். அதில் பட்டுத் திரும்பும் அலை எவ்வளவு வலுவாக இருக்க வேண்டும் என்பது கணக்கில் தெரியும். வந்தது அதில் மூன்றில் ஒரு பங்கு. ரேடார் அலையைக் கடத்தும் குழாயின் இணைப்பு ஒன்றில் மழைத்தண்ணீர் புகுந்திருந்தது. இரண்டு மாதமாக, பெய்த மழையில் பாதியைக்கூட நாங்கள் காட்டவில்லை.

செயற்கைக்கோள் சொல்லும் மழை சரியா என்று பார்க்கத்தான் இந்த ரேடாரே. இரண்டும் ஒத்துப்போகாதபோதெல்லாம் "செயற்கைக்கோள் கூட்டிச் சொல்கிறது" என்று அறிக்கை எழுதியவள் நான். நடுவில் சந்தேகம் வந்து அதிகாரியிடம் போனேன். "மழை நேரத்துல ரேடாரை நிறுத்த முடியாதும்மா. அப்புறம் பாக்கலாம்" என்றார். சரி சார் என்று வந்துவிட்டேன்.

வெள்ளம் வந்த அன்று மதியம் நீ கூப்பிட்டு, "அக்கா, தெருவுல தண்ணி ஏறுது. அப்பாவப் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிட்டுப் போயிடட்டுமா?" என்றாய். "வேண்டாம்டா, மணிக்கு இருபது மில்லிமீட்டர்தான். படுத்த படுக்கையா இருக்கறவர ஈரத்துல அலைக்கழிக்காத" என்றேன். பக்கத்துத் திரையில் செயற்கைக்கோள் ஐம்பது என்றது. பார்த்தேன். உன்னிடம் சொல்லவில்லை.

நீ பாப்பாவை மொட்டைமாடியில் விட்டு இறங்குவதற்குள் தண்ணீர் அப்பாவின் கட்டிலைத் தாண்டிவிட்டது.

துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் நீ, "நான்தான் சோம்பேறித்தனமா இருந்துட்டேன்" என்றாய். என் போனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் பக்கத்தில்தான் நின்றேன், வாயைத் திறக்காமல்.

நேற்று மாலை பழைய பதிவுகளைத் திருத்தினேன். அன்றைய மதியத்துக்கு இப்போது ஐம்பத்திரண்டு என்று இருக்கிறது. ஒரு பொத்தானை அழுத்தினேன், அவ்வளவுதான், சரியாகிவிட்டது.

இனி யார் கேட்டாலும், "அக்காதான் வீட்டுலயே இருக்கச் சொன்னா, இருந்தேன்" என்று சொல்லிவிடு. பாப்பா வளர்ந்து கேட்டாலும் அப்படியே சொல். எனக்காக இதை நீ சுமக்காதே. வேளைக்குச் சாப்பிடு, தம்பி. நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன்
அக்கா