சமையலறைக் கதவு

கிரிம்ஸ்பி
தவக்காலத்தின் முதல் வியாழன்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் மடத்துச் சுவருக்குள்ளும் என் வீட்டுச் சுவருக்குள்ளும் ஒரே ஆண்டவர் காவலிருப்பாராக. நான் நலம். என் வீட்டுக்காரர் மார்ட்டின் கடலில், காற்றாலைகளைப் பராமரிக்கிற படகில் இருக்கிறார். அடுத்த வெள்ளிதான் கரைக்கு வருவார். உன் ஞானமகள், என் ரோஷீனும் நலம். போன வருடம் இந்த ஒரு வரியை எழுதப் பேனா வரவில்லை. இப்போது வருகிறது.

தவக்காலத்தில் உங்களுக்குக் கடிதம் தரமாட்டார்கள், உயிர்ப்பு ஞாயிறன்றுதான் பிரிப்பீர்கள் என்று தெரியும். தெரிந்தும் எழுதுகிறேன். தபால்தலை விற்கிற விலையில் ஒவ்வொன்றாக அனுப்பி, மடத்தலைவியின் மேசைக்குள் தூங்க வைப்பானேன். எழுதியதை ரொட்டி டப்பாவுக்குப் பின்னால் சேர்த்து வைத்து ஒரே உறையில் போடுவேன். தவக்கால ஒறுத்தலாகச் சர்க்கரை இல்லாமல் டீ குடிக்கிறேன். ரோஷீன் இந்தத் தவக்காலத்துக்குக் கத்துவதை விட்டிருக்கிறாளாம். "நீ விட்டது உனக்குப் பிடிச்சது, நான் விட்டது எனக்குப் பிடிச்சது" என்கிறாள்.

பெரிய பள்ளியின் சாப்பாட்டுக் கூடத்தில் ஆயிரத்து நானூறு பிள்ளைகளின் இரைச்சல் தாங்காமல் அவள் கதவை உதைத்ததும், கதவு ஓர் ஆசிரியையின் கையில் பட்டதும் உனக்குத் தெரியும். அக்டோபரிலிருந்து மீன்பிடித் துறைமுகத்துக்குப் பின்னால், பெரிய பள்ளியில் நிற்க முடியாத பிள்ளைகளுக்கான மாற்றுப் பள்ளியில் இருக்கிறாள். வகுப்புக்கு ஏழு பிள்ளைகள். அங்கே பிள்ளைகளுக்குத் தொழில் வழி காட்டுகிறவர் பிரெண்டா என்ற அம்மாள். முதல் நாளே ரோஷீன் அவரிடம், "சும்மா சொல்லிடுங்க. பொண்ணுன்னா முடி வெட்டணும், பையன்னா செங்கல் அடுக்கணும். அவ்வளவுதானே உங்க வழிகாட்டல்?" என்றாளாம். பிரெண்டா, "எனக்கே ஒழுங்கா வெட்டிவிட ஆள் கிடைக்கல, இந்தத் தலையைப் பாரு. உன்கிட்ட குடுப்பேனா?" என்றாராம். அதோடு என்ன ஆகப்போகிறாய் என்ற கேள்வியை விட்டுவிட்டு, பிள்ளை எங்கே போய் உட்காருகிறாள் என்று பார்த்திருக்கிறார். அவள் உட்கார்ந்தது சமையல் அறையில், பால் வைக்கிற ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில். ஒருநாள் அவளாகவே, "இது சாகப் போகுது. ஒரு வாரம் தாங்காது. சத்தம் மாறிப்போச்சு" என்றிருக்கிறாள். அந்த வாரம் முடிவதற்குள் பால் திரிந்தது.

பிரெண்டா அவளை நெவிலின் பட்டறைக்கு அழைத்துப் போனார். மீன் லாரிகளின் குளிர்ப்பெட்டியைப் பழுது பார்ப்பவர். உனக்கு நினைவிருக்கும், ஆணோ பெண்ணோ எல்லாரையும் இந்த ஊர்ச் செல்லச் சொல்லால் "வாத்தே" என்று கூப்பிடுவாரே, உறுதிபூசுதல் திருச்சடங்கு அன்று ஆயரையே அப்படிக் கூப்பிட்டாரே, அவர்தான். வாரத்தில் இரண்டு நாள் பள்ளிக்குப் பதில் அங்கே போகிறாள். குளிரூட்டும் கேஸைத் தொட வயது போதாது. பெல்ட் மாற்றுகிறாள், குளிர்ச்சுருள் கழுவுகிறாள், அழுத்தம் காட்டும் கேஜைப் பார்த்து எண் சொல்கிறாள். கணக்குப் புத்தகத்தைச் சுவரில் எறிந்தவள், எந்த அழுத்தத்துக்கு எந்தக் குளிர் என்ற அட்டவணையை மனப்பாடமாக வைத்திருக்கிறாள். அடுத்த கோடை வரை இப்படியே வந்தால், பதினாறு முடிந்ததும் தொழில் பழகுநராகச் சேர்த்துக்கொள்வதாக நெவில் சொல்லிவிட்டார். நான் போய் மாதாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன்.

நேற்று பெரிய பள்ளியிலிருந்து தகவல் வந்தது. ரோஷீன் மிக நன்றாக முன்னேறியிருக்கிறாளாம். அதனால் உயிர்ப்பு விடுமுறைக்குப் பிறகு அவளைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாமா என்று கூடிப் பேசப்போகிறார்களாம். வாழ்த்துகள் என்று முடித்திருந்தார்கள்.

பெரிய பள்ளிக்குப் போனால் வாரம் இரண்டு நாள் பட்டறை கிடையாது.

உன் தங்கை,
கோலெட்


தவக்காலத்தின் மூன்றாம் வாரம், புதன்

அன்புள்ள அக்கா,

கன்னி மரியாள் துணை. போன வாரம் ரோஷீனையும் கூட்டிக்கொண்டு பெரிய பள்ளிக்கு நானே போய், பட்டறை தொடருமா என்று கேட்டுவிட்டு வந்தேன். போகும் முன் நூலகத்தில் அரசாங்கக் குறிப்பை அச்செடுத்து, அகராதியை வைத்துக்கொண்டு இரண்டு நாள் படித்தேன். மாற்றுப் பள்ளிப் பிள்ளைக்கும் தொழில் வழிகாட்டல் கிடைக்க வேண்டும் என்று எழுதித்தான் இருக்கிறது. கிடைத்த வழியைப் பாதியில் பிடுங்கக் கூடாது என்று எங்கேயும் இல்லை. பதினாறு வயதில் படிப்பை விட்ட எனக்குத்தான் கண்ணில் படவில்லையோ என்று இரண்டாம் தரமும் பார்த்தேன்.

அவர்கள் கெட்டவர்கள் இல்லை அக்கா. கெட்டவர்களாக இருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். தொழில் வழிகாட்டலுக்கென்று தனி அறை, சுவரெல்லாம் படங்கள். ரோஷீனைக் கணினி முன் உட்கார வைத்துக் கேள்வி கேட்டார்கள். பூக்கடை வைக்கலாம் என்று பதில் வந்தது. "பூவுக்கும் குளிர் அறை வேணும்ல, அதை யார் பழுது பார்க்கிறாங்கன்னு கேளு" என்று என் காதில் முணுமுணுத்தாள். அது காதில் விழுந்து, கேள்வி கேட்ட இளம் ஆசிரியை சிரித்துவிட்டாள். ஜூலையில் எல்லாருக்கும் ஒரு வாரம் வேலை அனுபவம் உண்டாம். வாரம் இரண்டு நாள் என்று நான் ஆரம்பித்ததும், "ஆயிரத்து நானூறு பிள்ளைங்கம்மா. ஒருத்திக்குக் குடுத்தா மத்தவங்களுக்கு நான் என்ன சொல்ல?" என்றாள். 

அன்று இரவு பாத்திரம் துடைக்கும்போது ரோஷீன் ஒரு யோசனை சொன்னாள். பெரிய பள்ளி அவளை வேண்டாம் என்கிற அளவுக்குக் கெட்டவளாக இருக்க வேண்டும்; பட்டறைக்கு அனுப்பக் கூடாது என்கிற அளவுக்குப் போய்விடக் கூடாது. கருவிகள் இருக்கிற இடம் என்பதால், முரட்டுத்தனம் என்று ஒரு சொல் அவள் பெயரில் வந்தால் பட்டறையை அன்றே நிறுத்திவிடுவார்கள். "கேஸ் மாதிரிதான் மா. குறைஞ்சாலும் குளிராது, கூடினாலும் குளிராது" என்றாள். வகுப்பிலிருந்து எழுந்து போவது, ஒருத்தருக்கும் பதில் சொல்லாமல் இருப்பது, இப்படிச் சின்னதாகச் செய்யப் போகிறாளாம். நான் திட்டினேன். திட்டிக்கொண்டே, போதுமா இது என்று மனதுக்குள் கணக்குப் போட்டேன். ஆண்டவர் அதையும் பார்த்திருப்பார்.

ஒரு வாரம் கழித்து வந்து சொல்கிறாள், "முடியலம்மா. மூணு தரம் எழுந்து நின்னேன். வெளியே போக ஒரு காரணமும் கிடைக்கல. டீச்சர் என்ன வேணும்னு கேட்டாங்க, தண்ணின்னு சொல்லிட்டேன்." அக்கா, ஒன்றரை வருடம் நான் எந்த வரத்துக்காகச் செபமாலை சொன்னேனோ அது கிடைத்திருக்கிறது. கிடைத்த வேளையைப் பார்.

இப்போது என்னிடம் வந்து நிற்கிறாள். கூட்டத்தில் வீட்டில் எப்படி என்று கேட்பார்கள், சமையலறைக் கதவை உடைத்தாள் என்று மட்டும் நீ சொல்லிவிடு என்கிறாள். "கதவு போதும், மா. வேற எதுவும் சேக்காத." மறுபடி கடலுக்குப் போயிருந்த மார்ட்டினிடம் தொலைபேசியில் சொன்னேன். படகில் காற்றுச் சத்தத்துக்கு நடுவே அவர் கத்தியது பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கும்: "ஒரு பொய் சொல்லிட்டுச் சனிக்கிழமை போய்ப் பாவ அறிக்கை பண்ணிடேன். அதுக்குத்தானே கோயில்ல அந்தப் பெட்டி வச்சிருக்கான்!" முன்கூட்டியே மன்னிப்புக்குக் கணக்கு வைத்துப் பாவம் செய்ய முடியாது என்று சொன்னேன். "அப்ப உண்மையைச் சொல்லி அவளை அந்தக் கூடத்துக்குள்ள திரும்ப அனுப்பு" என்றார். நான் தொலைபேசியை வைத்துவிட்டேன்.

இதை நீ படிக்கும்போது கூட்டம் முடிந்திருக்கும்.

கோலெட்


பெரிய வாரம், புதன்

அன்புள்ள அக்கா,

மன்னிப்பின் ஆண்டவர் நம்மோடு இருப்பாராக. கூட்டம் முடிந்தது.

கல்வி அலுவலகத்து அம்மாள் தலைமையில் உட்கார்ந்திருந்தார். பெரிய பள்ளியின் துணைத் தலைமையாசிரியர் ஆஷ்பி, பிரெண்டா, ரோஷீன், நான். பிரெண்டா பட்டறை பற்றி எடுத்துச் சொன்னார். நன்றாகவே சொன்னார். ஆஷ்பி தலையாட்டிக் கேட்டுவிட்டு, "அதனாலதான் சொல்றேன், இந்தப் பொண்ணு தயாராயிட்டா. இவ்வளவு நல்ல அறிக்கை எங்க பிள்ளைங்களுக்கே வராது" என்றார். மனமாரச் சொன்னார். பிரெண்டா வாயை மூடிக்கொண்டார். தன் வேலை பலித்ததற்கு எதிராக அவர் எப்படிப் பேசுவார்?

அலுவலகத்து அம்மாள் என் பக்கம் திரும்பி, "வீட்ல எப்படிம்மா இருக்கா?" என்று கேட்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை சமையலறைக் கதவை உதைத்து உடைத்துவிட்டாள் என்று சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். யாரும் ஒன்றும் பேசவில்லை. நம்பவில்லையோ என்று தோன்றியது. இன்னும் கொஞ்சம் வேண்டும்போல இருந்தது. "எனக்குப் பயமாயிருச்சு. பக்கத்து வீட்டுக்குப் போயிட்டேன்" என்றேன்.

உப்பையும் மாவையும் கண்ணளவில் போடுகிறவள் நான், ஒரு தரமும் தப்பியதில்லை. பொய் போட்டுப் பழக்கமில்லை அக்கா. அளவு தெரியவில்லை.

அந்த அம்மாள் பேனாவைக் கீழே வைத்தார். "உங்க பொண்ணைப் பார்த்தா பயந்தீங்க?" என்று மெதுவாகக் கேட்டார். ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு எல்லாம் மரியாதையாகவும் வேகமாகவும் நடந்தது. பெரிய பள்ளிக்கு இப்போதைக்கு அனுப்ப வேண்டாம் என்றார்கள். ஆஷ்பி முகம் வாடிப்போய்க் கோப்பை மூடினார். தாயே பயப்படுகிற பிள்ளையைக் கருவிகள் இருக்கிற இடத்துக்கு எப்படி அனுப்புவது என்று பட்டறையையும் நிறுத்தி வைத்தார்கள். பள்ளி திறந்ததும், உயிர்ப்புக்கு அடுத்த வியாழக்கிழமை மறுபடி கூடி முடிவு செய்வார்களாம். பிரெண்டா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். 

பேருந்தில் ரோஷீன் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். நம் நிறுத்தம் வந்த பிறகுதான், "கதவு போதும்னு சொன்னேன்ல, மா" என்றாள். கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

மறுநாள் அவள் விட்டுவந்த கையுறையோடு நெவில் வாசலில் நின்றார். "வாத்தே, என் சட்டை பெல்ட்ல மாட்டினப்ப ஓடிவந்து சுவிட்சை அணைச்சது அவதான். அவளைப் பார்த்தா நீ பயந்த?" என்று கேட்டார். அவருக்கு டீ போட்டுக் கொடுத்தேன், சர்க்கரை மூன்று கரண்டி போட்டேன். அலுவலகம் அனுமதித்தால்தான் அவர் காப்பீடு அவளை உள்ளே விடும். இந்தக் கோடை வரை இடத்தைப் பிடித்து வைப்பாராம். அதற்குமேல் பட்டறை தாங்காது என்றார். கதவை அவர் பார்க்கவே செய்தார். முழுசாக நின்றது. குவளையைக் கழுவி வைத்துவிட்டுப் போனார்.

சனிக்கிழமை ஃபாதர் டெக்லனிடம் பாவ அறிக்கை செய்யப் போனேன். "மன்னிப்பு குடுக்கத்தான் உக்காந்திருக்கேன், கோலெட். ஆனா அந்தப் பொண்ணு பேர்ல நீ ஏத்தி வச்சதை நீயே இறக்கணும்" என்றார். இறக்கினால் மே மாதம் அவள் அந்தக் கூடத்துக்குள் நிற்பாள், பட்டறை போய்விடும். இறக்காவிட்டால் தாயை மிரட்டியவள் என்ற பெயரோடு வாழ்நாள் முழுக்க வேலை தேடுவாள். யோசித்து வருகிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். ஆகவே மன்னிப்புப் பெறாத எனக்கு இந்த உயிர்ப்பு ஞாயிறு நன்மை இல்லை, நற்கருணை வாங்க முடியாது. நம் முதல் நன்மைக்குப் பிறகு இதுதான் முதல் தரம். ரோஷீன் கேட்டாள், சொன்னேன்.

நேற்று கடைக்குப் போய் வந்தபோது சமையலறைக் கதவு கீலிலிருந்து கழற்றப்பட்டுச் சுவரில் சாய்ந்திருந்தது. தரையில் செய்தித்தாள் விரித்து, திருகாணிகளை ஒரு கிண்ணத்தில் போட்டு, கீழ்ப்பலகையில் சுத்தியலால் ஒரே அடி அடித்திருந்தாள். சிராய்களைக்கூட ஒன்றுவிடாமல் பொறுக்கியிருந்தாள். "இப்ப நீ சொன்னது பொய்யில்ல. ஞாயித்துக்கிழமை போய் நன்மை வாங்கிக்கோ" என்றாள். நான் கடைப் பையைக் கீழே வைத்தேன். "நீ வாங்காம உக்காந்திருந்தா கோயிலே என்னைத்தான் திரும்பிப் பார்க்கும்" என்று சொல்லிவிட்டு, டீ போடப் போனாள்.

சொன்ன நேரத்தில் பொய்யாக இருந்தது, பிறகு உடைத்தால் உண்மையாகாது என்று அவளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். எனக்கு மறையுரை வரவில்லை. அவள் போட்ட டீயைக் குடித்தேன்.

கதவை அவள் பார்த்துக்கொண்டாள். பயந்தேன் என்ற சொல்தான் அலுவலகத்தில் நிற்கிறது. நான் பயந்தது உண்மைதான் அக்கா. யாரைக் கண்டு என்றுதான் தவறாகச் சொல்லிவிட்டேன்.

இந்த உறையை நீ பிரிக்கும்போது வியாழக்கிழமைக்கு நான்கு நாள் இருக்கும். என்ன கேட்டுச் செபிக்க வேண்டும் என்று எழுதப் பார்த்தேன். இரண்டு தாள் வீணாயிற்று. நீ எதுவும் கேட்க வேண்டாம். சாம வேளையில் எழுந்து மண்டியிடும்போது அவள் பெயரை மட்டும் சொல். அந்த வியாழன் காலை பத்து மணிக்குக் கூட்டத்தில் நான் வாய் திறக்கும்போது என் பெயரையும் சொல்.

கதவை இன்னும் மாட்டவில்லை. மாட்டித் தரட்டுமா என்று நேற்றிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறாள். வியாழக்கிழமை போகட்டும் என்றிருக்கிறேன்.

உயிர்த்த ஆண்டவர் உன்னைக் காப்பாராக.

உன் அன்புத் தங்கை,
கோலெட்