வலன்ரைனின் கையும் எஞ்சினுக்குள் வந்த உப்பும்

விடத்தல்தீவு,
தை 2011.

அன்புள்ள மகள் அன்ரோனெற்றுக்கு,

நானும் அம்மாவும் சுகம். நீயும் மருமகனும் பிள்ளைகளும் அந்தப் பனிக்குள் சுகமாக இருக்க மடு மாதாவை மன்றாடுகிறோம். உன் தங்கை றொஷேல் சுகம், உன் தம்பி ஜெனோஜன் சுகம் என்றே சொல்லலாம். றொஷேலின் மாப்பிள்ளை வலன்ரைனுக்கு மட்டும் வலது கை இரண்டு இடத்தில் முறிந்து பிளாஸ்ரர் கட்டியிருக்கிறது. முறித்தவன் உன் தம்பி. அவர் படகில் வழுக்கி விழுந்தார் என்று அம்மா உனக்குத் தொலைபேசியில் சொன்னாள். விழுந்தது உண்மைதான், அடி விழுந்த பிறகு விழுந்தார்.

மீளக்குடியேறிய பிறகு அவர்கள் இருவரும் பங்குக்கு வாங்கிய மூன்றரைத் தொன் படகு உனக்குத் தெரியும். படகு பரவாயில்லை, எஞ்சின் அவர்கள் இருவரையும் விட மூத்தது. அதற்குள் இரண்டு தண்ணீர் ஓடும். கூலன்ற் கலந்த நல்ல தண்ணீர் எஞ்சினின் சூட்டை வாங்கிக்கொண்டு ஒரு பெட்டிக்குள் வரும், அந்தப் பெட்டிக்குள் மெல்லிய செப்புக் குழாய்கள் வழியே கடல் தண்ணீர் ஓடி அந்தச் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். இரண்டும் அருகருகே வாழவேண்டும், கலக்கக்கூடாது. இந்த நாட்டில் இப்படியான ஏற்பாடுகள் எவ்வளவு காலம் நிலைக்கும் என்று உனக்கு நான் எழுதத் தேவையில்லை. மார்கழியில் நல்ல தண்ணீர் குறையத் தொடங்கியது. நிரப்பிக்கொண்டு போனால் திரும்பி வரும்போது எஞ்சின் கொதித்தது. ஹோஸ்களை மாற்றினார்கள், கிளிப்புகளை இறுக்கினார்கள், அடியில் ஒரு சொட்டு ஈரமும் இல்லை. ஒழுக்கு கண்ணுக்குத் தெரியாவிட்டால் எங்கள் ஆட்கள் துரோகியைத் தேடுவார்கள், அது பழக்கதோஷம். உன் தம்பி விரலை விட்டு நக்கிப் பார்த்தான், உப்புக் கரித்தது. நல்ல தண்ணீருக்குள் உப்பு வருவதற்கு அவனுக்குத் தெரிந்த ஒரே வழி, யாரோ ஊற்றுவது. இரவில் படகைக் காவல் பார்ப்பவர் வலன்ரைன். தன் அண்ணன்மாரின் படகுக்கே போய்விடலாம் போலிருக்கிறது என்று ஒருநாள் சாராயத்தில் சொன்னவரும் அவர்தான். விசாரணை அத்தோடு முடிந்தது.

கரையில் எல்லோரும் பார்க்க, உன் தம்பி இரும்புக் கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு, அத்தான், உப்புத்தண்ணி ஊத்தினது நீங்கள்தானே என்று கேட்டிருக்கிறான். அடிக்கும்போதும் நீங்கள் என்றுதான் சொன்னானாம், அந்தளவில் எங்கள் வளர்ப்பு வீண்போகவில்லை. உனக்கென்ன விசரோ மச்சான், எஞ்சின் கொதிச்சா என்ர பங்கும் சேர்ந்துதானே கொதிக்கும் என்றார் வலன்ரைன். நியாயமான பேச்சு, கம்பி அதற்கு முன்பே ஓங்கியாகிவிட்டது. தடுத்த கையில் முதல் அடி, அதே கையில் இரண்டாவது. பக்கத்தில் மீன் தரம்பிரித்துக்கொண்டிருந்த றொஷேலுக்கு எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. விழுந்தவர் இடது கையால் மீன் வெட்டும் கத்தியை எடுத்து உன் தம்பியின் தொடையைக் கிழித்தார். மணல் சிவந்து நாய்கள் வந்துவிட்டன. சென்றிக் காவலரணில் நின்ற நேவிக்காரப் பையன் நாடியைத் துவக்கில் ஊன்றிக்கொண்டு பார்த்தபடி நின்றானாம், எங்கள் சண்டையொன்றை அவன் பார்வையாளனாகப் பார்ப்பது முதல் தடவையாக இருக்கும். தம்பி எண்டாலும் உவன்ர முகத்தில இனி முழிக்கமாட்டன் என்று றொஷேல் வலன்ரைனையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அவருடைய அண்ணன்மார் வீட்டுக்குப் போய்விட்டாள். அண்ணன்மார் ஆளனுப்பினார்கள், ஞாயிறு பூசை முடிய ஜெனோஜனின் இரண்டு கையையும் எடுப்பார்களாம். பூசைக்கு முதல் எடுத்தால் பாவமாம்.

ஞாயிறுக்கு முதல் உப்பு வந்த வழியைக் கண்டுபிடிக்காவிட்டால் எனக்குக் கையில்லாத மகன் என்று விளங்கியது. எஞ்சினில் எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை இழுத்துப் பார்த்தேன், எண்ணெய் பால் நிறமாகவில்லை, ஆகவே தண்ணீர் எண்ணெய்க்குள் போகவில்லை. அந்தப் பெட்டியைக் கழற்றி, ஒரு பெரிய பேசினும் சைக்கிள் பம்பும் எடுத்துக்கொண்டு அண்ணன்மார் வீட்டு முற்றத்துக்கே போனேன். மூத்தவன் கத்தியோடு வந்து, உதென்ன மாமா, சம்பந்தி வீட்டுக்குப் பலகாரமோ என்றான். நல்ல தண்ணீர் ஓடுகிற பக்கத்தை அடைத்து, பெட்டியைப் பேசின் தண்ணீரில் அமிழ்த்தி அந்தப் பக்கத்துக்குள் காற்றடித்தேன். ஒரு செப்புக் குழாயின் வாயால் குமிழி வந்தது. எஞ்சின் ஓடும்போது நல்ல தண்ணீர் அந்த ஓட்டையால் கடல் தண்ணீரோடு சேர்ந்து புகைக்குழாய் வழியே கடலுக்குப் போகிறது, ஆறியதும் கடல் தண்ணீர் உள்ளே வருகிறது. ஊற்ற ஆள் தேவையில்லை. ஓட்டை ஏன் வந்தது என்று பார்த்தேன். அந்தப் பெட்டியில் விரல் நீளத்தில் ஒரு துத்தநாகக் கட்டை இருக்கவேண்டும், கடலின் அரிப்பு முதலில் அதைத் தின்னும், செம்பு தப்பும். அந்த இடத்தில் ஒரு பித்தளை போல்ற் அழகாக முறுக்கியிருந்தது. மச்சான்தான் போட்டவன், கரைஞ்சுபோற சாமானை விசரன்தான் வாங்குவான் எண்டும் சொன்னவன் என்றார் வலன்ரைன். பொருளாதாரத் தடைக் காலத்தில் எந்த ஓட்டையையும் எதனாலும் அடைக்கப் பழகியவன் உன் தம்பி, தடை நீங்கியது அவன் கைக்கு இன்னும் தெரியாது. மற்றதைக் காப்பாற்றத் தான் கரைவதற்கென்று இந்தக் கரையில் பிள்ளைகளைத்தான் சண்டைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள், உலோகத்தைப் பற்றி எவரும் யோசிக்கவில்லை. அண்ணன்மார் கூடிப் பேசி இரண்டு கையை ஒரு கையாகக் குறைத்தார்கள். அவனை ஒருத்தரும் தொடக்கூடாது, நான் பாத்துக்கொள்ளுறன் என்று வலன்ரைன் சொல்லிவிட்டார்.

ஞாயிறு பூசையில், ஒருவருக்கொருவர் சமாதானத்தைத் தெரிவிப்போம் என்று சுவாமி சொன்னதும் உன் தம்பி நொண்டிக்கொண்டு வலன்ரைன் முன்னால் போய்க் கைகுவித்தான், அத்தான் என்ர பிழை என்றான். கோயில் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. வலன்ரைன் கும்பிடப் பார்த்தார், ஒரு கையால் கும்பிட முடியவில்லை. பிளாஸ்ரரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு இடது கையால் ஓங்கி ஒரு அறை, அந்தச் சத்தம் புதுக் கூரைத் தகரத்தில் பட்டுத் திரும்பியது. உனக்கும் சமாதானம் மச்சான் என்றார். சுவாமி ஒன்றும் நடக்காததுபோல் செபத்தைத் தொடர்ந்தார். வாசலில் நின்ற அண்ணன்மார் கத்திகளை இடுப்புச் சாரத்துக்குள் சொருகிக்கொண்டு உள்ளே வந்து நற்கருணை வாங்கினார்கள். மத்தியானம் றொஷேல் தன் வீட்டுக்குத் திரும்பி, தம்பிக்குச் சோறு போட்டாள், முகத்தைப் பார்க்காமல்.

உங்கள் எல்லோருடைய நெற்றியிலும் சிலுவை அடையாளம் இட்டு ஆசீர்வதிக்கிறேன், பிள்ளைகளை மாதாவின் கையில் ஒப்படைக்கிறேன். மறவாதே மகள், தம்பியோடு பேசும்போது தொலைபேசியை இடது காதில் வைக்கச் சொல். வலது காது இன்னும் கேட்கவில்லை.

என்றும் அன்புள்ள அப்பா,
சூ. கொன்ஸ்ரன்ரைன்