சிவந்து தெரிந்த துளி இடம்

இன்று சாரலுக்கு ஒதுங்கிய பேக்கரியில், பூச்சிகளுக்கு வைக்கும் நீல விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சொன்ன டீயை வேண்டாமென்று சொல்லிவிட்டு நனைந்தபடியே நம் கடைக்கு வந்துவிட்டேன். அந்த நீலத்தை இன்னும் என்னால் பார்க்க முடியவில்லை.

குற்றாலத்தில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் குவித்து வைத்து, அருவிக்குப் போகிற கூட்டத்தைக் குரலாலேயே நிறுத்துகிறவள் நீ. ஒருநாள் 'ரம்பு...' என்று பாதியில் நின்றாய். மீதிச் சொல் வரவில்லை. தென்காசியில் ஸ்கேன் எடுத்தோம். மூளையில், பேச்சுக்கான இடத்தை ஒட்டி ஒரு கட்டி.

மதுரை டாக்டர் பொறுமையாக விளக்கினார். ஆபரேஷனுக்கு முன் ஒரு மருந்து குடிக்க வேண்டும். அதைக் கொண்டு உடம்பு, வெளிச்சம் பட்டால் ஒளிரும் ஒரு நிறமியைச் செய்யும். நல்ல சதை அதைத் தேக்கி வைக்காது. ரத்தச் சிவப்புக்கான பொருளாக மாற்றிவிடும். கட்டியில் அந்த மாற்றம் தடைப்படுவதால் நிறமி தேங்கிவிடும். நீல வெளிச்சத்தில் கட்டி சிவந்து காட்டிக்கொடுக்கும். ஆனால் பேச்சுக்கான இடத்தில் இருப்பதையும் எடுத்தால் பேச்சு போகலாம், விட்டால் கட்டி மறுபடி வளரலாம்.

"சிவப்பா தெரியுதத பூரா எடுத்துருங்க சார்" என்றேன்.

நீ என் கையைத் தட்டிவிட்டாய். "பேச்சு போயிரும்னா மிச்சத்த விட்டுருங்க சார். வாயத் தொறக்காம உக்காந்து நான் என்ன செய்ய?"

"ஏட்டி, உயிரு முக்கியமில்லியா?"

"எந் தலைதான? நாந்தான் சொல்லணும்."

மருந்து குடித்தபின் உன் தோலுக்கும் வெளிச்சம் ஆகாதென்று ஜன்னல்களை மூடினார்கள். அரையிருட்டில் நீ எனக்கு முதுகைக் காட்டிப் படுத்திருந்தாய். ஸ்ட்ரெச்சர் வந்தபோதுதான் என் விரலைப் பிடித்தாய்.

ஆபரேஷனுக்கு நடுவில் உன்னை விழிக்கவைத்துப் பேசச் சொன்னார்களாம். நீ பழங்களின் பெயர்களாகச் சொல்லிக்கொண்டே போனாயாம். கடைசியில் ஒரு துளி இடம் மட்டும் சிவந்து தெரிந்திருக்கிறது. அதை எடுக்கலாமா என்று பார்க்க, அங்கே லேசாக மின்சாரம் வைத்ததும் உன் பேச்சு நின்றுவிட்டது. கருவியை எடுத்ததும், விட்ட பழத்திலிருந்து மறுபடி தொடங்கினாயாம்.

"அந்த இடத்தைத் தொடலை. அவங்க சொன்னபடியே விட்டுட்டோம்" என்றார் டாக்டர்.

மறுநாள் உன் கட்டிலருகே குனிந்து, "என்னத் தெரியுதா?" என்று கேட்டேன்.

"தெரியாம என்ன? கடையப் பூட்டிட்டா வந்திய? பழம் பூரா அழுவிருக்குமே!"

நான் சிரித்தேனா அழுதேனா, தெரியவில்லை.

அந்தத் துளி மறுபடி வளர்ந்தது. அதற்குள் நமக்கு இரண்டு சீசன் கிடைத்தது. கூவினாய், பேரம் பேசினாய், சில்லறைக்குத் தடுமாறிய என்னை எல்லார் முன்னும் வைதாய்.

எல்லாவற்றையும் எடுத்திருந்தால் இன்னும் இருந்திருப்பாயோ என்று சில நாள் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. ஆனால் உன்னை நினைத்தால் எனக்கு முகத்துக்கு முன் குரல்தான் வருகிறது. அதை நீதான் டாக்டரிடம் கேட்டு வாங்கி, எனக்கு வைத்துவிட்டுப் போயிருக்கிறாய்.