வாயு பகவானின் வேக நடை

அன்று நான் சொல்லாமல் விட்டது ஒரே ஒரு வாக்கியம். “இல்ல நைனா, அந்தப் பொண்ணு திரும்பிப் போகல.” அவ்வளவுதான். அதற்குப் பதிலாக, “தெரியல, இன்னும் முழுசாப் படிக்கல” என்றேன். அந்தக் கதையை நான் இரண்டு முறை முழுவதும் படித்திருந்தேன்.

இன்று காலை உங்கள் கிளாரினெட் பெட்டியைத் திறந்தேன். மூட்டுத் தக்கைக்குத் தடவும் வாசலினும் வருடக்கணக்கில் ஊறிய எச்சிலும் வெல்வெட் துணியும் கலந்த அந்த வாடை முகத்தில் வந்து அடித்தது. நேரில் உங்களை நீ என்றுதான் கூப்பிடுவேன். எழுத உட்கார்ந்தால் நீங்கள் என்று வருகிறது. வாசித்தால் சிரிப்பீர்கள்.

மூடிப் பையில் என் கையெழுத்தில் ஒரு தாள் நான்காக மடிந்து கிடந்தது. இணையத்தில் கிடைத்த பியானோ இசைத்தாளைப் பார்த்து, உங்கள் பேண்டு செட்டுக்காக ச ரி க ம என்று நான் மாற்றி எழுதிக் கொடுத்த ரஷ்ய இசை.

ஜார் மன்னர்கள் காலத்தில் பீட்டர்ஸ்பர்க் அரச அரங்கில் ஆடிய ஒரு பாலே நடன நாடகம் அது. அதன் பெயருக்குத் தாயத்து என்று பொருள். இன்று அதிகம் பேருக்குத் தெரியாது. இசை அமைத்தவர் இத்தாலியர். அந்த அரங்கின் வாத்தியக் குழுவை நடத்த வந்தவர். கதை நடப்பது இந்தியாவில். ஆனால் அது அவர்களாகவே செய்துகொண்ட இந்தியா. இந்திரனுடைய நகரத்தின் பெயரை விண்ணுலக அரசிக்கு வைத்தார்கள். அவள் மகளுக்கு, வீடு கட்டும்போது தென்மேற்கு மூலைக்கு நாம் சொல்லும் பெயரை வைத்தார்கள். இதைச் சொன்னபோது டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தீர்கள்.

“மூலையப் பொண்ணாக்கி ஆட வுட்டுட்டானுங்களா? சரி, மேல சொல்லு.”

சொன்னேன். அரசி தன் மகளைப் பூமிக்கு அனுப்புகிறாள். கையில் நட்சத்திரத் தாயத்து, துணைக்கு வாயு பகவான். தாயத்தைத் தொலைத்தால் அவளால் மேலே திரும்பிப் போக முடியாது. அதோடு நிறுத்திக்கொண்டேன். என் பையில் அப்போது பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து வந்த கடிதம் இருந்தது. இரண்டு வருட ஆராய்ச்சிப் படிப்பு, ஐந்து வாரத்தில் போய்ச் சேர வேண்டும். அம்மா போன பிறகு வீட்டில் நாம் இருவர்தான். உங்கள் பிபி மாத்திரையை நினைவுபடுத்துவது நான். விட்டுவிட்டுப் போகிறேன் என்று எந்த வாயால் சொல்வது?

ஒத்திகையில் அந்த இசையை ஊர்வல நடையில் இழுத்து இழுத்து வாசித்தீர்கள்.

“நைனா, இன்னும் வேகமா. வாயு பகவான் பறந்து வர்ற இடம்.”

“யாரு காலுக்கு?”

“இன்னாது?”

“வேகம்ன்றியே, யாரு காலுக்கு வேகம்?”

நான் தாளைப் புரட்டிப் பார்த்தேன். டிரம்பெட் வாசிக்கும் கஜா அண்ணன்தான், “மாஸ்டரு, அடுத்த வாட்டி தாள்லயே கால் வரைஞ்சி தரச் சொல்லுங்க” என்றார்.

அந்த வாரம் கடைத்தெருவில் அரிசி மண்டி வைத்திருக்கும் ஜைனர் வீட்டுக் கல்யாணம். மாப்பிள்ளை ஊர்வலம் சாயங்காலம் நான்கரைக்குக் கிளம்பியது. அவர்கள் பொழுது சாய்ந்த பிறகு சாப்பிடுவதில்லை. பாதி வழியில் மண்டிக்காரர் உங்களிடம் ஓடி வந்தார்.

“மாஸ்டர், ராஜகிரி மலை மேல சூரியன் உக்காந்துடுச்சி பாருங்க. இருட்டிட்டா எங்காளுங்க யாரும் இலையில கை வெக்க மாட்டாங்க. சீக்கிரம் ஓட்டுங்க.”

நீங்கள் வேகத்தைக் கூட்டவில்லை. நான் பக்கத்தில் வந்து, “இப்பவாவது அந்த ரஷ்யாப் பாட்ட எடு நைனா” என்று காதைக் கடித்தேன். கிளாரினெட்டை வாயிலிருந்து எடுக்காமல் கண்ணால் காட்டினீர்கள். மாப்பிள்ளையின் அத்தை முழங்காலைப் பிடித்துக்கொண்டு சாய்ந்து சாய்ந்து நடந்து வந்தார். பேண்டு வேகமெடுத்தால் கூட்டமும் வேகமெடுக்கும், அவர் தனியாகப் பின்தங்கிவிடுவார். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வாசிப்பை நிறுத்திவிட்டு அவரிடம் போனீர்கள்.

“அம்மா, மாப்ள கார்ல ஒண்டியா உக்காந்துனு வெக்கப்படறாரு. நீங்க பக்கத்துல உக்காந்தா தெளிவாயிடுவாரு.”

“நான் உக்காந்தா போட்டோவுல என்னையே பொண்ணுன்னுடுவாங்கய்யா” என்றார் அத்தை. ஆனாலும் ஏறிக்கொண்டார்.

நீங்கள் கிளாரினெட்டின் நாணல் ரீடை நாக்கால் நனைத்து, என்னைப் பார்த்து, “இப்ப போவலாம்” என்றீர்கள். அந்த இத்தாலியர் எழுதிய வேகத்திலேயே வாசித்தீர்கள். டிரம் அதிர்ந்தது. மண்டி ஆட்கள் பாதி ஓட்டமும் பாதி ஆட்டமுமாக வந்தார்கள். மண்டப வாசலைத் தொட்டபோது மலைமேல் இன்னும் வெளிச்சம் இருந்தது.

சாப்பிட்டுக் கை கழுவியபடி கேட்டீர்கள்: “ஏம்மா, அந்தப் பொண்ணு மேல திரும்பிப் போச்சா?”

அங்கேதான் பொய் சொன்னேன்.

இரண்டு நாள் கழித்துச் சக்கரம் வைத்த ஒரு சாம்பல் நிறப் பெட்டியோடு வந்தீர்கள். “அவலூர்பேட்டையில ஆஃபர் போட்டிருந்தான். வூட்ல ஒண்ணு கெடக்கட்டும்.” நானும் நம்பினேன். மறு வாரம் கடிதத்தைக் காட்டியபோது, “எப்போ?” என்று மட்டும் கேட்டீர்கள்.

பீட்டர்ஸ்பர்க்கில் பழைய தாள்களோடு உட்கார்ந்திருந்தேன். அந்தக் காலத்தில் நடன ஆசிரியர் எத்தனை தாளக்கட்டு, என்ன நடை என்று சொல்லிவிடுவார். இசையமைப்பாளர் அதற்கு அளவாக எழுதித் தருவார். அதனாலேயே இதையெல்லாம் தாழ்ந்த இசை என்று ஒதுக்கியவர்கள் உண்டு. அந்த பாலேயை இப்போது யாரும் முழுதாக ஆடுவதில்லை. அதன் பெயரில் ஆடப்படும் ஒரு ஜோடி நடனத்திலும் வேறொரு பாலேயின் இசை கலந்திருக்கிறது. ஆர்டருக்குச் செய்த இசையில் ஆராய என்ன இருக்கிறது என்று அங்கே ஒருவர் கேட்டார். என் அப்பா பேண்டு மாஸ்டர் என்றேன். அவருக்குப் புரிந்திருக்காது. எந்தத் தாளை எடுத்தாலும் இன்றுவரை எனக்குள் முதலில் எழுவது உங்கள் கேள்விதான். யாரு காலுக்கு?

நேற்று கஜா அண்ணன் வந்திருந்தார். மண்டபத்தில் நான் உங்களுக்குச் சொல்லாததை அன்றே அவர் சொல்லியிருக்கிறார்.

“நீ தெரியலன்னதும் என் போன்ல பாக்கச் சொன்னாரும்மா. அந்தப் பொண்ணு திரும்பல மாஸ்டரு, பூமியிலயே ஒரு ராஜாவோட இருந்துடுதுன்னேன். ரொம்ப நேரம் ரீடத் தொடச்சினே இருந்தாரு. அப்புறம், எம்பொண்ணு எங்கியோ கெளம்புது கஜா, அதான் கதைய முழுங்குது, அதுக்குக் கால் நல்லா இருக்குது, என் நடைக்கு அத நிறுத்தக் கூடாதுன்னாரு. பெட்டி வாங்க என்னத்தான் இட்டுனு போனாரு.”

அவள் திரும்பிப் போகவில்லை, நைனா.

பீட்டர்ஸ்பர்க்கின் இரண்டாவது குளிர்காலத்தில், கிடைத்த விமானத்தைப் பிடித்து, அந்தச் சாம்பல் பெட்டியோடு நான் செஞ்சி பஸ் ஸ்டாண்டில் இறங்கினேன். நீங்கள் இறந்து பதினோரு நாள் ஆகியிருந்தது.