பேசாத ஆமை பேசுகிறது

திண்டிவனம், செவ்வாய் இரவு.

குழந்தைகளுக்கான டிவி கார்ட்டூன் தொடர் ஒன்றைக் காமிக்ஸ் புத்தகமாகப் போடுகிறான் குமரன். என் பழைய மாணவன், விழுப்புரத்தில் பதிப்பகம் வைத்திருக்கிறான். கதைகளைப் படித்துக் குறைநிறை சொல்லச் சொன்னான். அதற்காகவே தினமும் சாயங்காலம் உட்கார்ந்து அந்தத் தொடரையும் பார்த்தேன்.

தொடரில் வரும் ஆமை பேசவே பேசாது. அது தலையை உள்ளே இழுத்தால் ஏதோ ஆபத்து வருகிறது என்று மற்ற மிருகங்கள் புரிந்துகொள்ளும். காமிக்ஸிலோ பக்கத்துக்குப் பக்கம் அறிவுரை சொல்கிறது. வாய் திறக்காமல் கணக்கை மட்டும் சரியாகப் போடும் பிள்ளையிடம் மைக்கைக் கொடுத்த மாதிரி இருக்கிறது. எழுதியவர் தொடரைப் பார்த்தாரா என்றே சந்தேகம்.

மத்தியானம் குமரனிடம் போனில் சொன்னேன்.

"ஆமை பேசினா பசங்க சிரிப்பாங்கப்பா."

"சிரிக்கத்தானே சார் காமிக்ஸு. மயிலம் பக்கம் ஹெட்மாஸ்டருங்க பாதிப் பேர் உங்க ஸ்டூடண்ட்ஸ். நீங்க நல்லாருக்குதுன்னா லைப்ரரிக்கு வாங்கிடுவாங்க."

அப்போதுதான் உறுத்தியது. இவன் கேட்டது என் கருத்தையா, பெயரையா? நல்ல பையன்தான். இருந்தாலும்.

"ஆமையை மாத்து. அப்புறம் சொல்றேன்."

"அட்டை அச்சுல ஓடிக்கினு இருக்குது சார்."

"பின்னட்டையில என்ன போட்டிருக்கே?"

"உங்க மதிப்புரைதான் சார். நாலு வரி."

நான் இன்னும் ஒரு வரிகூட எழுதவில்லை.

காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்து விழுப்புரம் போகிறேன். இந்தப் புத்தகத்தைப் பற்றி நான் என்ன நினைக்கிறேன் என்பதை அச்சகத்தில் போய்ப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.