இலுப்பையடி வளவின் மேற்கு எல்லை

11 பெப்ரவரி 2025, செவ்வாய்

மோர்டனில் ரயில் ஏறினால் இருக்கை நிச்சயம். கடைசி ஸ்டேசனில் குடியிருப்பதில் உள்ள ஒரே சுகம். இருபத்தெட்டு வருடம் லண்டனில் தபால் பிரித்த ஆள், அறுபத்தேழு வயதில் மியூசியத்துக்கு வேலைக்குப் போகிறேன். சம்பளம் கிடையாது, தேநீர் உண்டு.

ஒல்லாந்தர் காலத்து ஓலைகளைப் படம் பிடித்துக் கணினியில் வைத்திருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் அதிகாரியாக இருந்த ஒரு வெள்ளைக்காரன் ஊருக்குத் திரும்பும்போது கட்டோடு தூக்கி வந்தது. ஆசியக் கரைகளில் நடந்த ஆள் வியாபாரம் பற்றி ஜூனில் கண்காட்சி. புள்ளியில்லாத அந்த எழுத்தை வாசிக்க இங்கே ஆளில்லை. நான் ஊரில் எட்டு வருடம் நொத்தாரிசின் கந்தோரில் காணிப் பத்திரம், எங்கள் பேச்சில் உறுதி, எழுதியவன், எனக்கு அது தண்ணீர்பட்ட பாடு. சுவரில் ‘வாசித்தவர்: க. சபாரத்தினம்’ என்று போடுவார்களாம். பெருமையாகத்தான் இருக்கிறது, ஏன் மறைக்க வேண்டும்.

வேலையை நடத்துகிற பிள்ளை லக்‌ஷிகா. முப்பது வயதிருக்கும், ஹவுன்ஸ்லோவில் பிறந்தவள். ஊர் எது என்று கேட்டேன். “அம்மாட ஊர் ஆவரைப்புலம், அங்கிள்.” என் ஊரே! சந்தோசத்தில் உடனே கேட்டேன், “கோயிலடியிலயிருந்து எந்தப் பக்கம்?” சிரித்தாள். “அம்மாவைத்தான் கேக்கோணும்.” பிறகு தேநீர் போடப் போய்விட்டாள்.

18 பெப்ரவரி

இன்று முழுக்க நாகப்பட்டினத்துக் கடிதங்கள். தஞ்சாவூர்ப் பக்கம் பஞ்சம் வந்த வருடங்களில் சனம் பிள்ளைகளையே விற்றிருக்கிறது. ஒல்லாந்தரின் கொம்பனி கப்பலில் ஏற்றி யாழ்ப்பாணம், கொழும்பு, கிழக்கே தூரத்துப் பத்தாவியா என்று இறக்கியிருக்கிறான். ஏறின எண்ணிக்கை ஒன்று, இறங்கின எண்ணிக்கை வேறு. இடையிலே செத்துப் போனதுகளுக்குப் பேர்கூட இல்லை.

போர்த்துக்கேயன், ஒல்லாந்தன், பிறகு வெள்ளைக்காரன் — எல்லாரும் சேர்ந்து எங்களை என்ன பாடு படுத்தினாங்கள். திறப்பு விழாவில் ஐந்து நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். இதைத்தான் பேசப் போகிறேன். நாக்கைப் பிடுங்குகிற மாதிரிக் கேட்க வேண்டும்.

4 மார்ச்

எழுதக் கை வருகுதில்லை.

5 மார்ச்

சரி. எழுதுகிறேன்.

நேற்று வந்தது ஒரு சீதன உறுதி. வருடம் 1761. ஆவரைப்புலம் என்று கண்டதும் குதூகலம். காணிப் பெயர் இலுப்பையடி வளவு. எங்கள் அம்மாவின் சீதனக் காணி. நான் பிறந்த வளவு. எங்கள் ஊரில் ஆட்கள் மாறுவார்கள், ஒவ்வொரு காணித்துண்டின் பெயரும் மாறாது. வடக்கு எல்லை வயிரவர் கோயில் ஒழுங்கை, கிழக்கு எல்லை தாமரைக்கேணி, எல்லாம் அச்சொட்டாகச் சரி. அடுத்த ஆளைக் கூப்பிட்டுக் காட்டலாம் என்று எழும்பக்கூட எழும்பினேன். அதற்குப் பிறகுதான் கீழ் வரியை வாசித்தேன்.

“...பனை நாற்பதும், கிணற்றில் பங்கும், மேற்குப் புறம் குடியிருக்கும் அடிமை கதிரியும் அவள் மகள் சின்னியும் இவர்கள் வழி வருகிற பேர்களும் என் மகளுக்குச் சீதனமாக...”

பனைக்கும் கிணற்றுக்கும் அடுத்தது.

நான் என்ன செய்தேன்? ‘இவ்விடம் ஓலை சிதைந்துள்ளது’ என்று எழுதி அனுப்பிவிட்டேன். எட்டு வருடம் உறுதி எழுதினவன். ஒரு எழுத்துப் பிசகினால் நொத்தாரிசு ஐயா பேனாவாலேயே மண்டையில் தட்டுவார்.

11 மார்ச்

லக்‌ஷிகா திரையைத் திருப்பிக் காட்டினாள். “அங்கிள், சிதைஞ்சிருக்கு எண்டு எழுதியிருக்கிறீங்கள். படத்தில எழுத்து வடிவாத் தெரியுதே?”

“பழைய எழுத்துப் பிள்ளை. வாசிக்க ஏலாது,” என்றேன்.

அவளுக்கு அந்த எழுத்துத் தெரியாது. இந்தக் கட்டிடத்தில் என்னைத் தவிர எவருக்கும் தெரியாது. “ஓகே” என்று திரையைத் திருப்பிக்கொண்டாள். திரும்பி வரும்போது ரயிலில் இடமிருந்தும் நின்றுகொண்டே வந்தேன்.

16 மார்ச், ஞாயிறு

குட்மேய்ஸில் அக்கா வீட்டுக்குப் போய் அவவிடம் சொன்னேன். கமலாம்பிகை அக்காவுக்கு எழுபத்தைந்து, மறதி என்பது கிட்டவும் வராது.

“இருநூற்றி அறுபது வருசத்துக் கதை இப்ப ஆருக்குத் தேவை? உன்ர பேரைப் போட்டு, எங்கட வளவின்ர பேரையும் போட்டு, எங்கட மானத்தைச் சுவரில தொங்கவிடப் போறியோ? பேசாமல் விடு தம்பி.”

“அக்கா, நாங்கள் சின்னனா இருக்கேக்க மேற்குத் துண்டில இருந்தது ஆர்?”

கொஞ்ச நேரம் கத்தரிக்காய் வெட்டினா. “அவையள்தான். பிறகு வேதத்துக்கு மாறிக் கிறிஸ்தவராப் போனவை. கிணத்தில அள்ள விடுறேல்லைத்தானே, அம்மாதான் அள்ளி ஊத்துவா. நீதானே பின்னால வாளி தூக்கிக்கொண்டு திரிவாய்.”

திரிந்தேன். வெயிலில் குடத்தோடு நின்றவர்களுக்கு அம்மா தண்ணீர் ஊற்றுவது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அம்மாவின் நல்ல மனத்துக்கு உதாரணமாக அதை எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன். செத்தவீட்டுக்கு அச்சடித்துக் கொடுத்த கல்வெட்டுப் புத்தகத்திலும் எழுதினேன், ‘தாகம் தீர்த்த தாய்’ என்று.

கிணறு கிடந்தது. கயிறு கிடந்தது. அவர்களுக்குக் கை கிடந்தது.

அக்கா கத்தரிக்காய்க் குழம்பு கட்டித் தந்தா. அக்காவோடு எனக்குக் கோபமில்லை. அவ சொன்னதைத்தான் நான் நாலாம் தேதியே செய்துவிட்டேனே.

18 மார்ச்

போகவில்லை. தடிமன், மூக்கடைப்பு என்று மெசேஜ் அனுப்பினேன். தடிமன் இல்லை.

பெட்டியைத் திறந்து, எண்பத்தாறில் நெஞ்சோடு கட்டிக்கொண்டு வந்த அம்மாவின் உறுதியை எடுத்துப் பார்த்தேன். 1949ஆம் ஆண்டு எழுதியது. அதே பரப்பு, அதே எல்லைகள், கிணற்றில் பங்கு. அந்த ஒரு வரி மட்டும் இல்லை. அடிமை முறையைச் சட்டம் ஒழித்ததும் எழுதுகிறவன் வரியைத் தூக்கிவிட்டான், ஆட்கள் அதே இடத்தில் இருந்திருக்கிறார்கள். நானும் இப்போது அதே வேலையைத்தான் செய்திருக்கிறேன்.

பிறகு அந்த முதல் நாள் கேள்வி நினைவுக்கு வந்தது. எந்தப் பக்கம்? எங்கள் ஆட்கள் வாய் திறந்தால் கேட்கிற கேள்வி. பக்கத்தைச் சொன்னால் சாதியைச் சொன்ன மாதிரி. நான் விசாரிக்கிறேன் என்றே எனக்குத் தெரியவில்லை, அவ்வளவு பழக்கம். அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது.

25 மார்ச்

சொல்லிவிட்டேன்.

காலையில் குளிர்க்கோட்டைக் கழற்ற முதலே சொன்னேன். “பிள்ளை, அந்த ஓலை சிதையேல்லை. நான் பொய் எழுதினனான். அது எங்கட வளவு.” வரியை வாசித்துக் காட்டினேன். ‘இவர்கள் வழி வருகிற பேர்களும்’ என்றது வரைக்கும் விடாமல் வாசித்தேன்.

லக்‌ஷிகா நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள், ஆங்கிலம் பாதி தமிழ் பாதியாக. பட்டியலில் ஆவரைப்புலம் என்ற பேரைக் கண்டுதான் இந்த ஓலைக்கட்டை அவள் கேட்டு எடுத்தாளாம். ஒரு பெரிய வீட்டு வளவின் மேற்கு ஓரத்தில் குடியிருந்ததாக அவள் அம்மா சொல்லுவாவாம்.

“முதல் நாள் எந்தப் பக்கம் எண்டு கேட்டீங்கள், அங்கிள். மேற்குப் பக்கம்.”

மன்னிப்பு என்று தொடங்கினேன். “பிறகு பாப்பம்” என்றாள். “இப்ப அந்த வரியைத் திரும்ப மெதுவாச் சொல்லுங்கோ, டைப் பண்ணோணும்.” சொன்னேன். கதிரிக்கு எந்த ‘ர’ என்று கேட்டாள். அதையும் சொன்னேன்.

26 மார்ச்

அக்காவுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். வைத்துவிட்டா.

20 மே

பேச எழுதி வைத்திருந்ததைத் திருத்தினேன். ஒல்லாந்தனைப் பற்றி எழுதியது அப்படியே இருக்கிறது, அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அதற்குக் கீழே எங்களைப் பற்றி அரைப்பக்கம். அந்த அரைப்பக்கத்துக்கு ஒரு கிழமை பிடித்தது.

7 ஜூன், சனி

திறப்பு விழா. பேசினேன். நாலு பேர் எழும்பிப் போனார்கள், எங்கள் ஊர்ச் சங்கத்துக்காரர். மற்றவர்கள் இருந்தார்கள். அக்கா வரவில்லை.

லக்‌ஷிகா தன் அம்மாவைக் கூட்டி வந்தாள். மேரிசாந்தி. ஹீத்ரோவில் விமானச் சாப்பாடு கட்டுகிற இடத்தில் வேலை, ஷிப்ட் முடித்து நேரே வந்திருந்தா. ஓலைக்கு முன்னால் நின்று லேபிளை இரண்டு முறை வாசித்தா. பிறகு என்னைப் பார்த்தா.

“நீங்கள் தண்ணி ஊத்திற அம்மாவின்ர மகனோ?”

“ஓம்.”

“கையை நல்லா உயத்தி ஊத்துவா. வாளி எங்கட குடத்தில முட்டக்கூடாதெண்டு. பாதித் தண்ணி நிலத்தில போயிடும்.” கோபமாகச் சொல்லவில்லை. “நீங்கள் வாளியோட நிப்பியள்.”

எனக்கு நிலத்தில் போன தண்ணீர் நினைவிலில்லை. அதை நினைவில் வைத்திருக்க வேண்டிய தேவை எனக்கு இருக்கவில்லை. “நிண்டனான்” என்று மட்டும் சொன்னேன்.

மறுபடி லேபிளைப் பார்த்தா. “அந்தத் துண்டுக்கு நீங்கள் என்ன பேர் சொல்லுவியள்?”

“மேற்குத் துண்டு எண்டுவம். வேற பேர் இல்லை.”

“பேர் இருக்கு. நாங்கள் கதிரி வளவு எண்டுதான் சொல்லுவம். ஏனெண்டு எங்களில ஒருத்தருக்கும் தெரியாது. இண்டைக்குத்தான் தெரியுது.”

அந்த ஊரில் எனக்குத் தெரியாத காணிப் பெயர் கிடையாது என்று ஐயாவிடமே சவால் விட்டவன் நான். லக்‌ஷிகாவைக் கூப்பிட்டேன். லேபிளில் இன்னும் ஒரு வரி போடவேண்டும், நான் சொல்லச் சொல்ல எழுது என்றேன்.

‘மேற்குப் புறத்தின் பெயர்: கதிரி வளவு. சொன்னவர்: மேரிசாந்தி.’

என் பெயருக்கு மேலே போடச் சொன்னேன்.