கழுவாத பூ

பாதுவா, இத்தாலி
ஜூன் 4

அன்புள்ள லிவியுவுக்கு,

உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? ஆடுகள் எப்படி இருக்கின்றன? நானும், நான் பார்த்துக்கொள்ளும் இனெஸ் அம்மாவும் நலம்.

என் எல்டர் பூ சர்பத் நுரைத்துப் பொங்கிவிட்டது! கல்யாணமான பதினெட்டு வருஷமாக, "உன் கைக்குப் பொங்காது, வெத்தா" என்று சிரித்தீர்களே, இனி சிரிக்க முடியாது. ரயில் பாதை ஓரப் புதரில் பறித்த வெள்ளைப் பூவை, நீங்கள் சொல்வதுபோல் இந்த முறை கழுவாமலே, எலுமிச்சை, சர்க்கரை, தண்ணீரோடு ஜாடியில் போட்டு வெயிலில் வைத்தேன்.

"என்னைப் புழுதியோட குடிக்கச் சொல்றியாடி?" என்று கத்தினார் இனெஸ் அம்மா.

"அந்தப் பூந்தூள்தாம்மா பொங்க வைக்குது" என்றேன், உங்களைப் போலவே கையை ஆட்டி.

நான்காம் நாள் பாட்டிலில் ஊற்றி வைத்தேன். மறுநாள் மூடி படாரென்று பறந்து விளக்கை உடைத்தது. யாருக்கும் அடியில்லை, பயப்படாதீர்கள். "சுடுறாங்கடி!" என்று அலறிய அம்மா, ஒரு வாய் குடித்ததும், "இன்னும் ஊத்து" என்றார்.

அடுத்த ஜாடி போடவேண்டும். அதன் வாயைக் கட்ட இந்த வீட்டுத் துணி எதுவும் சரிப்படவில்லை. ஞாயிற்றுக்கிழமை ருமேனியாவிலிருந்து வரும் பேருந்தில் உங்கள் பழைய சட்டை ஒன்றைக் கொடுத்தனுப்புங்கள். அம்மா கூப்பிடுகிறார், முடிக்கிறேன்.

சட்டையையும் துவைக்க வேண்டாம்.

உங்கள் வெத்தா